தென்கிழக்குக் கரையோரப் புதர்களையும் காட்டுப்பூக்களையும் இனங்காண: பூவைக் கடைசியில் பாருங்கள்

"இது என்ன பூ?" என்று கேட்டு ஒரு படம் வரும். படம் முழுக்கப் பூதான், கிட்டப்போய் அழகாக எடுத்திருப்பார்கள். இலை எப்படி அடுக்கியிருக்கிறது, முள் இருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா, எதுவும் தெரியாது. அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்கிறவர் அநேகமாக ஊகம்தான் செய்கிறார்.

இந்த வழிகாட்டி சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் வழியாக ராமநாதபுரம் வரை போகும் கடலோரச் சமவெளிக்கானது. மணல்மேடு, உப்பு மண், செம்மண் மேடு, அங்கங்கே மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு, ஐயனார் கோயில் தோப்பு, இவைதான் களம். மலைக்காட்டுக்கு இதே வரிசை பொருந்தும், ஆனால் செடிகள் வேறு. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முன்னால் இருக்கும் படிகள் ஆண்டு முழுக்கச் செய்யக்கூடியவை, பின்னால் இருப்பவற்றுக்குப் பூவோ காயோ வேண்டும்.

1. காலத்தையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

இங்கே மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. அதனால் தும்பை, விஷ்ணுகிரந்தி, மூக்கிரட்டை போன்ற தரைச்செடிகளைப் பார்க்க நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போக வேண்டும். புதர்களின் கதை வேறு. காசா, களா, காரை, பாவட்டை எல்லாம் பெரும்பாலும் பிப்ரவரிக்குப் பிறகு, வெயில் ஏறும்போதுதான் நன்றாகப் பூக்கின்றன. டிசம்பரில் ஒருமுறை போய்விட்டு "இங்கே புதர் எதுவும் பூக்கவில்லை" என்று திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். ஒரே இடத்துக்கு மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று குறைந்தது இரண்டு தடவை போக வேண்டும்.

கற்றுக்கொள்ள முதலில் காட்டுக்குப் போகாதீர்கள். ஆரோவில் பக்கம் உள்ள தாவரவியல் பூங்கா, பிச்சாண்டிக்குளம் மாதிரி நட்டு வளர்த்த இடங்களுக்குப் போங்கள். அங்கே செடியின் பெயர் தெரிந்தவர்கள் இருப்பார்கள், நீங்கள் கண்டது சரியா என்று அங்கேயே சரிபார்க்கலாம். இருபது முப்பது புதர்கள் கைப்பழக்கத்துக்கு வந்த பிறகு புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு, கோடியக்கரை என்று போனால் கண்ணுக்குப் பிடி கிடைக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை, வாங்க வேண்டிய அனுமதி

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று, சின்ன ஸ்கேல், பென்சில், நோட்டு, போன். பேனா வேண்டாம், வியர்வையிலும் பனியிலும் மை ஓடிவிடும். உள்ளங்கை அளவு கறுப்புத் துணி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூவை வெயிலில் படமெடுத்தால் இதழ் எண்ணிக்கைகூடத் தெரியாமல் வெளுத்துப்போகும், பின்னால் கறுப்பு வைத்தால் சரியாகிவிடும்.

லென்ஸை எல்லோரும் தவறாகத்தான் பிடிக்கிறார்கள். செடிக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இலையைத்தான் அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும், தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். முகத்தின் நிழல் இலைமேல் விழாமல் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள்.

முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடிய செருப்பு அல்லது ஷூ கட்டாயம். இந்தப் புதர்க்காடு முழுக்க முள், தரையில் விரியன் இருக்கும் இடம்.

காப்புக்காட்டுக்கும் சரணாலயத்துக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், அங்கே ஒரு இலையைக் கிள்ளவும் அனுமதி வேண்டும். கோயில் காடுகளில் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழையுங்கள். பல ஊர்களில் அந்தக் காட்டில் கிளை ஒடிப்பதில்லை, செருப்புப் போடுவதில்லை. அங்கே செருப்பைக் கழற்றச் சொன்னால் தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வையுங்கள். உதிர்ந்த இலை, விழுந்த காய் கிடைக்கும், அதுவே பெரும்பாலும் போதும்.

3. தொடுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை

பின்னால் வரும் படிகளில் இலையைக் கிள்ளவும் கசக்கவும் சொல்லப் போகிறேன். அதனால் சிலவற்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

காஞ்சொறி, அதாவது செந்தட்டி, வேலியில் சாதாரணக் கொடி மாதிரி ஏறிக் கிடக்கும், மேலே பட்டால் நெருப்பாக எரியும். பூனைக்காலியின் காய்மேல் இருக்கும் பொன்னிற மயிர் காற்றில் வந்து பட்டாலே அரிக்கும். எருக்கின் பால் கண்ணில் படக் கூடாது. பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் நிற்கும் தில்லையின் பால் அதைவிட மோசம், அதன் கிளையை ஒடிக்கவே வேண்டாம். செங்காந்தளின் கிழங்கும் குன்றிமணி விதையும் உயிருக்கே ஆபத்தானவை.

எதையும் வாயில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். களாப்பழம், காரைப்பழம் தின்று வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் விடாது. ஆனால் ஏழாவது படியில் வரும் காரை, மருக்காரை சமாசாரத்தைப் படித்தால் ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.

4. செடியைப் பார்க்கும் முன் அது நிற்கும் மண்ணை எழுதுங்கள்

நோட்டில் முதல் வரி இடம். மணலா, உப்புக் களியா, செம்மண்ணா, குளத்துக்கரையா, நிழலா, திறந்த வெளியா. இது பாதிச் செடிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடும் என்பதால்தான் முதலில் வருகிறது.

கடற்கரை மணலில் படரும் கொடி என்றால் இரண்டு மூன்று பெயர்கள்தான் வரும். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி நுனியில் பிளந்திருந்தால் அடம்பு, மூன்று சிற்றிலைகளோடு அவரைப்பூ மாதிரி ஊதாப் பூ இருந்தால் கடற்கரைக் காட்டவரை. மணலைப் பிடித்துக்கொண்டு ஊசி ஊசியாக நிற்பது ராவணன் மீசை. மரக்காணம், வேதாரண்யம் பக்கம் உப்பளத்தை ஒட்டிச் சதைப்பற்றான இலையோடு நிற்பது உமிரி வகை. இவற்றைக் கற்றுக்கொள்ள ஒரு காலை போதும். புதர்க்காட்டில்தான் வேலை இருக்கிறது.

அடுத்த வரியில் வளர்முறையை எழுதுங்கள்: தரையில் படர்கிறதா, நிற்கும் செடியா, அடியிலிருந்தே கிளைவிடும் புதரா, புதர்மேல் சாயும் ஏறுகொடியா. ஆடு மேய்ந்த இடத்தில் மரமாக வேண்டியதுகூடப் புதராக நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். உயரத்தை மட்டும் வைத்து எதையும் விலக்க வேண்டாம்.

5. இலை அடுக்கு: இதில் தவறினால் எல்லாமே தவறும்

இரண்டு இலைகள் ஒரே கணுவில் நேருக்கு நேர் நின்றால் எதிரடுக்கு. ஒரு கணுவுக்கு ஒரு இலை, மாறி மாறி வந்தால் மாற்றடுக்கு. இந்த ஒன்றை மட்டும் சரியாகப் பார்த்தால் இந்தக் காட்டின் புதர்கள் இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும்.

எதிரடுக்குக் குவியலில் காரை, களா, காசா, சுலுந்து, பாவட்டை, சங்கஞ்செடி, நொச்சி, நிலக்குமிழ், எருக்கு, வேலிப்பருத்தி. மாற்றடுக்கில் சூரை, இலந்தை, பூலா, ஆதொண்டை, விழுதி, குருந்து, ஆவாரை, மோதிரக்கண்ணி, செருந்தி. இந்த இரண்டு வரிகளை நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எங்கே பார்ப்பது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கிளையின் நுனியைப் பார்க்காதீர்கள், அங்கே இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு எல்லாமே எதிரடுக்கு மாதிரித் தெரியும். ஒரு சாண் கீழே, நன்கு முற்றிய பகுதியில் பாருங்கள். ஒரு கணுவில் ஒரு இலைதான் இருக்கிறதே என்று எழுதும் முன், மறுபக்கம் விழுந்த இலையின் தழும்பு இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். மருக்காரை போன்றவற்றில் குட்டைக் கிளை நுனியில் இலைகள் கொத்தாக இருக்கும், அதில் அடுக்கே தெரியாது. அப்போது நீளமாக வளர்ந்த புதுத் தளிரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தனியிலையா, ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பூலாச் செடியின் சிறு கிளையில் இலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக அமைந்து, பார்க்கக் கூட்டிலை மாதிரியே இருக்கும். நெல்லியும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் மொட்டைத் தேடுங்கள். இலை தண்டோடு சேரும் இடுக்கில் மொட்டோ பூவோ இருந்தால் அது முழு இலை. சிற்றிலையின் இடுக்கில் மொட்டு இருக்காது, அந்தக் கூட்டிலை முழுவதும் தண்டில் சேரும் இடத்தில்தான் இருக்கும். பூலாவில் குட்டிக் குட்டிப் பூக்கள் ஒவ்வொரு இலையின் அடியிலும் தொங்குவதைப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் அதற்குப் பிறகு வராது.

வேலியில் அடிக்கடி தடுமாற வைக்கும் ஒரு ஜோடி: வேலிப்பருத்தி, சீந்தில். இரண்டும் கொடி, இரண்டுக்கும் இதய வடிவ இலை. வேலிப்பருத்தி எதிரடுக்கு, கிள்ளினால் பால் வரும். சீந்தில் மாற்றடுக்கு, பால் இல்லை. பூவே வேண்டியதில்லை, அரை நிமிட வேலை.

6. கிள்ளுங்கள், கசக்குங்கள், வெளிச்சத்தில் பிடியுங்கள்

இளம் இலையைக் காம்போடு கிள்ளிப் பத்து நொடி பாருங்கள். கோடையில் முற்றிய இலையில் பால் வற்றியிருக்கும், அதனால் தளிரில்தான் சோதிக்க வேண்டும். எதிரடுக்கும் வெள்ளைப் பாலும் சேர்ந்தால் அநேகமாக அரளிக் குடும்பம். களா, எருக்கு, வேலிப்பருத்தி எல்லாம் அதில் சேரும். முள்ளும் இருக்கிறது, பாலும் வருகிறது, எதிரடுக்கு என்றால் களாவைத் தவிர இங்கே வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

இலையை வானத்தை நோக்கிப் பிடித்து லென்ஸில் பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்து, கசக்கினால் எலுமிச்சை மணமும் வந்தால் எலுமிச்சைக் குடும்பம். தனியிலை போலத் தெரிந்தால் குருந்தைப் பாருங்கள், மூன்று சிற்றிலையும் கொக்கி முள்ளும் ஏறும் தண்டும் என்றால் மிளகரணை.

இதே சோதனையில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று பாவட்டை. அதன் இலையை வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள் அவை. பக்கத்திலேயே நிற்கும் சுலுந்தும் பாவட்டையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி: எதிரடுக்கு, நான்கு இதழ் வெள்ளைக் குழல் பூ, கொத்து. சுலுந்து இலையில் அந்தப் புள்ளிகள் கிடையாது. பூ இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம், பாவட்டையின் சூல்தண்டு பூவைவிட்டு ஊசி மாதிரி நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சுலுந்தில் கொஞ்சம்தான் எட்டிப்பார்க்கும்.

எதிரடுக்கு இலை என்றால் இன்னும் ஒரு இடம் பார்க்க வேண்டும்: இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே தண்டின்மேல் ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கிறதா என்று. இருந்தால் காப்பிக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். காரை, மருக்காரை, வெட்சி, சுலுந்து, பாவட்டை எல்லாம் இந்தக் குடும்பம்தான். தளிர் நுனிக்கு இரண்டு மூன்று கணு கீழே பாருங்கள், முற்றிய தண்டில் செதில் உதிர்ந்து தழும்புக் கோடு மட்டும் இருக்கும். காசாவுக்கும் எதிரடுக்குத்தான், ஆனால் அதற்கு இந்தச் செதில் இல்லை. இலை தோல் மாதிரித் தடித்து, நடுநரம்பைத் தவிர மற்றவை தெரியாமல் வழுவழுவென்று இருக்கும்.

கசக்கி மோந்து பார்ப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். நொச்சியைக் கசக்கிய விரலோடு அடுத்த செடியைக் கசக்கினால் அதுவும் நொச்சியாகத்தான் மணக்கும். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், அல்லது விரலை மாற்றுங்கள்.

7. முள் எங்கிருந்து முளைக்கிறது

"முள் இருக்கிறது" என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை, இந்தக் காட்டில் பாதிக்கு மேல் முள்தான். எங்கே, எத்தனை, நேரா வளைவா என்று எழுதுங்கள். முள் இருக்கும் இடம் காலத்துக்கேற்ப மாறாது, ஆடு மேய்ந்தாலும் அது மிஞ்சும், அதனால்தான் பூவுக்கு முன்னால் இதை வைத்திருக்கிறேன்.

கணுவில் நான்கு முள், எதிரடுக்கு இலை, இலை நுனியும் குத்துகிறது என்றால் சங்கஞ்செடி. வெள்ளைக் காய் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலை மாற்றடுக்காக இருந்து, அடியிலிருந்து மூன்று நரம்பு ஓடி, இலைக்காம்படியில் கொக்கி முள் இருந்தால் சூரை அல்லது இலந்தை. இலந்தையின் இலை அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சாக இருக்கும், முள் ஜோடியில் பெரும்பாலும் ஒன்று நேர், ஒன்று வளைவு. சூரையின் இலை ஒரு பக்கம் கோணலாகத் தொடங்கும், பழம் சிறிதாகக் கறுத்திருக்கும், சட்டையைப் பிடித்தால் விடாது.

கிளை நுனியே முள்ளாக முடிந்து, பக்கத்தில் சின்ன வட்ட இலைகள் மாற்றடுக்கில் இருந்தால் வெள்ளைப்பூலா. அதன் காய் வெள்ளை. முள்ளில்லாத பூலாவுக்குக் காய் பழுத்தால் கறுக்கும். கடிகாரச் சுருள் மாதிரி ஜோடி ஜோடியாகச் சுருண்ட கொக்கிகளோடு மஞ்சள் பூ பூக்கும் ஏறுகொடி மோதிரக்கண்ணி, அதை வேறு எதோடும் குழப்ப முடியாது.

இப்போது காரை, மருக்காரை. இரண்டும் காப்பிக் குடும்பம், இரண்டுக்கும் ஜோடி முள், இரண்டும் ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். காரைப்பழத்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். மருக்காரைக் காயை நசுக்கி மீன் மயங்கக் குளத்தில் போடுவார்கள், மனிதர் தின்றால் வாந்திதான். காரையின் பூ சிறியது, மஞ்சள் கலந்த பச்சை, பெரும்பாலும் நான்கு இதழ். பழம் விரல்நுனி அளவு, மஞ்சள், நடுவில் லேசாக அமுங்கி இரண்டு பாதியாகத் தெரியும். மருக்காரையின் பூ பெரியது, ஐந்து இதழ், வெள்ளையாகத் திறந்து மஞ்சளாக வாடும். காய் சின்ன நாட்டுக் கொய்யா மாதிரி உருண்டு, தலையில் புல்லி இதழ்களின் கிரீடத்தோடு நிற்கும். பூவும் காயும் இல்லாத நாளில் இரண்டையும் பிரிப்பது கடினம். அப்போது "காரை அல்லது மருக்காரை" என்று எழுதிவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு கோடையில் வாருங்கள்.

வேல மரக் கூட்டத்துக்கும் இதே முறைதான். சீமைக்கருவேலத்துக்குக் கணுவில் நேர் முள் ஜோடி, வெளிர் மஞ்சள் பூக்கதிர். நாட்டுக் கருவேலத்துக்கு வெள்ளை நீள முள் ஜோடி, பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இடுங்கி இடுங்கி இருக்கும். வன்னிக்கு முள் ஜோடியாக வராமல் கணுவிடையெல்லாம் சிதறியிருக்கும். விடத்தேரைக்குச் சிறுகிளை நுனியே முள், பூக்கதிர் பாதி ஊதா, பாதி மஞ்சள். வன்னியைச் சீமைக்கருவேலம் என்று வெட்டிச் சாய்க்கிற ஊர்களும் இருக்கின்றன, அதனால் இந்தப் பத்தியை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்.

8. இப்போது பூவைப் பாருங்கள்

நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள். நிறம் வயதோடு மாறுகிறது. மருக்காரை வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், ஆதொண்டையின் இதழ் வெள்ளையாக விரிந்து சிவக்கும், செருந்தியில் மஞ்சள் இதழ் உதிர்ந்த பிறகு புல்லி சிவந்து நிற்பதைப் பார்த்துச் சிவப்புப் பூ என்று எழுதுவார்கள்.

எழுத வேண்டிய வரிசை: இதழ் எத்தனை, தனித்தனியா ஒட்டிய குழலா, மகரந்தத்தாள் எத்தனை, சூலகம் (பிறகு காயாகும் பகுதி) இதழ்களுக்கு மேலா கீழா. குறைந்தது மூன்று பூக்களில் எண்ணுங்கள், ஒரு பூவில் புழு கடித்திருக்கலாம். பூ சமமாக எல்லாப் பக்கமும் விரிகிறதா, தும்பை மாதிரி ஒரு பக்கம் உதடாக நீட்டுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போங்கள். விஷ்ணுகிரந்தியின் நீலப் பூ உச்சி வெயிலுக்குப் பிறகு மூடிக்கொள்ளும், அதற்கு மேல் போனால் புல்லுக்குள் அந்தச் செடி இருப்பதே தெரியாது.

சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் பூ என்று சொல்வது பல பூக்கள் சேர்ந்த தலை. அங்கே இதழை எண்ணிப் பயனில்லை, தலைக்கு அடியில் இருக்கும் பச்சைச் செதில்களைப் பாருங்கள். வரப்போரத்தில் ஊதா நிறத்தில் தூரிகை மாதிரித் தலையோடு நிற்கும் இரண்டு செடிகள் இருக்கின்றன, பூவாங்குறுந்தல், முயல்செவி. படத்தில் இரண்டும் ஒன்றுதான். தலையைச் சாய்த்து லென்ஸில் பார்த்தால் பூவாங்குறுந்தலில் செதில்கள் ஓட்டுக்கூரை போல அடுக்கடுக்காக இருக்கும், முயல்செவியில் ஒரே வரிசைதான், நீளச் செதில்கள் ஒட்டிக்கொண்டு உருளை மாதிரி நிற்கும். பிறகு தண்டிலை: முயல்செவியில் இலையடி தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும்.

மஞ்சள் பூ ஆவாரைக்கும் பேயாவாரைக்கும் பூவைவிடக் கூட்டிலைக் காம்பில் இருக்கும் சுரப்பிதான் தீர்ப்புச் சொல்லும். ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவே ஒரு சுரப்பி, காம்படியில் காது மடல் மாதிரி அகன்ற செதில். பேயாவாரையில் காம்பின் அடிப்பக்கம் ஒரே ஒரு சுரப்பி. ஆவாரைத் தேநீர் போடுவதற்காகப் பூப் பறிக்கக் கிளம்புகிறவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு போகலாம்.

9. காடாக வளர்வதெல்லாம் நாட்டுச் செடி கிடையாது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். யாரும் நடாமல் தானாக முளைத்திருந்தால் நம் ஊர்ச் செடி என்று நினைத்துவிடுகிறார்கள். உன்னிச்செடி, பார்த்தீனியம், சீமைக்கருவேலம், தொட்டாற்சிணுங்கி, சப்பாத்திக்கள்ளி, நெய்வேலிக் காட்டாமணக்கு எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவிடும் பட்டாசுக்காய்ச் செடியும் அங்கிருந்து வந்ததுதான். வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் போடுகிறோமே, அந்த வெட்டுக்காயப்பூண்டும் அப்படியே. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதன் கூடப்பிறந்த இனம் ஒன்று, சின்ன வெள்ளைப் பூவோடு, வயலோரத்தில் இந்த மண்ணிலேயே முளைக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கைவைத்தியத்தில் இருப்பது, தமிழில் பெயர் இருப்பது, பாட்டி காலத்திலிருந்து பார்ப்பது, இவை எதுவும் பூர்வீகத்துக்குச் சான்றாகாது. இனத்தின் பெயர் தெரிந்த பிறகு அதன் இயற்கைப் பரவலைத் தனியாகத் தேடிப் பார்த்து நோட்டில் ஒரு எழுத்துப் போடுங்கள், நாட்டுச் செடி என்றால் நா, வெளியிலிருந்து வந்தது என்றால் வ. பூங்காக்களில் தரைப்போர்வையாகப் போடும் மஞ்சள் பூக்கொடி இதற்கு நல்ல பயிற்சி. இலை மூன்று மடலாகப் பிளந்திருந்தால் அது அமெரிக்கக் கண்டத்துக்காரன், நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை ஈட்டி போல நீண்டு பிளவில்லாமல் இருக்கும்.

10. பெயர் வைப்பது

ஊர்ப்பெயரைக் கேளுங்கள், எழுதுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். பாலை என்றால் ஒருவருக்கு வெட்பாலை, ஒருவருக்கு ஏழிலைப்பாலை, கோடியக்கரைப் பக்கம் உலக்கைப்பாலை, மூன்றும் வேறு வேறு மரங்கள். யார் சொன்னது, எந்த ஊர், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதோடு சேர்த்து எழுதினால் பிறகு பிரித்தெடுக்க முடியும். ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள், எதை ஆடு தின்னாது என்று அவர்கள் சொல்வது பல சமயம் எந்தச் செயலியையும்விட உதவும்.

சங்கப் பாட்டில் வரும் பூப்பெயர்களை வைத்துக்கொண்டு செடி தேடப் போவது எதிர்த்திசையில் நடப்பது. அந்தப் பெயர்களில் பலவற்றுக்கு இன்னும் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. முதலில் செடியை இனங்காணுங்கள், பாட்டு அப்புறம்.

செயலிகளை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முந்தைய படிகள் முடிந்த பிறகுதான் திறக்க வேண்டும். ஒரு செடிக்கு ஐந்து படம் எடுங்கள்: முழுச் செடி, கணு தெரியும் தண்டு, இலையின் இரண்டு பக்கம், பூவின் முன்பக்கம், பூவின் பக்கவாட்டு. படத்தைப் போட்டால் பெயர் சொல்லி, மற்றவர்களும் சரிபார்க்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி ஒரு பெயரைச் சொன்னதும் உங்கள் நோட்டில் உள்ள இலை அடுக்கோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாற்றடுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், செயலி காப்பிக் குடும்பம் என்கிறது என்றால் கணுவைத் திரும்பப் பார்க்க வேண்டும், அங்கே சரியாக இருந்தால் செயலி தவறு. அதில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலே பதிவு மேல்தரத்துக்குப் போய்விடும். அதனால் யாராவது ஒரு பெயர் சொன்னதும் நன்றி சொல்வதுபோல ஒப்புதல் பொத்தானை அழுத்தாதீர்கள். உங்களுக்கே தெரிந்தால் மட்டும் அழுத்துங்கள்.

இனம் வரை போக முடியாவிட்டால் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். "காப்பிக் குடும்பம், புதர், முள்ளில்லை" என்பது நல்ல பதிவு. தவறான முழுப்பெயர் அடுத்தவரையும் சேர்த்துத் தவறவைக்கும்.

11. தீராத செடிக்கு

சொந்த நிலத்திலோ அனுமதியுள்ள இடத்திலோ இருந்தால், பூவும் இலையும் உள்ள ஒரு சாண் கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே கனம் ஏற்றுங்கள். ஒரு இலையையாவது திருப்பி வையுங்கள், அடிப்பக்கம் தெரிய வேண்டும். தாளைத் தினமும் மாற்றுங்கள். கடலோர ஈரத்தில் மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். காய்ந்தால் போய்விடும் விஷயங்களைப் பறித்த உடனேயே எழுத வேண்டும்: பூ நிறம், மணம், பால், செடியின் உயரம், தேதி, இடம். இந்தச் சீட்டு இல்லாத மாதிரியை யாரிடம் கொடுத்தாலும் பயனில்லை.

பூவோ காயோ இல்லாத வெறும் கிளையைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். இரண்டில் ஒன்றாவது வரும்வரை காத்திருங்கள். பிறகு புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் தொகுப்பு, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தொகுப்பு என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது "இது என்ன" என்று கேட்காமல், "காரையா மருக்காரையா, இதனால் இப்படி நினைக்கிறேன்" என்று கேட்டால், அங்கே இருப்பவர் எந்தத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.